பம்பளிமாஸும் நான் வெட்டிய பத்தியும்

நான் வெட்டிய பத்தியில் மொத்தம் நான்கு வாக்கியங்கள் இருந்தன. நான்கும் இப்போது எனக்கு மனப்பாடம். வெட்டிய அன்று அவற்றை ஒரே ஒரு முறை பார்த்தேன், அதுவும் முழுசாக இல்லை. 'மருத்துவரின் ஆலோசனை' என்ற சொல் கண்ணில் பட்டதும், வழக்கமான வால்தான் என்று முடிவு கட்டிக் கத்தரித்துவிட்டேன்.

என் வேலை அப்படி. மாதம் இரு முறை வரும் ஓர் உடல்நலப் பத்திரிகைக்கு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஆக்கித் தருகிறேன். பக்கத்துக்கு முந்நூற்றைம்பது சொல், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது, நடுவில் படம் வேறு. மூலமோ ஆயிரத்துக்குக் குறையாது. எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். முதலில் பறிபோவது கடைசிப் பத்தி. ஏனென்றால் எல்லாக் கட்டுரைக்கும் கடைசிப் பத்தி ஒன்றேதான்: வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும். வெண்டைக்காயைப் பற்றி எழுதினாலும் அது இருக்கும், நடைப்பயிற்சியைப் பற்றி எழுதினாலும் இருக்கும். பதினோரு வருடமாக வெட்டி வருகிறேன். ஆசிரியர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. "கரெக்டா பக்கத்துக்குள்ள அடக்கிட்டீங்க மேடம்" என்றுதான் சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கட்டுரை, எலுமிச்சைக் குடும்பத்துப் பழங்களில் இருக்கும் நாரிஞ்சின் என்ற பொருளைப் பற்றியது. பழத்தின் கசப்புக்கு அதுதான் காரணம். சதையைவிட உள்தோலின் வெள்ளையிலும் சுளையை மூடிய சவ்விலும் அதிகம் இருக்கும். கொழுப்பைக் குறைக்க உதவக்கூடும், இரத்தக் குழாய்களுக்கு நன்மை செய்யக்கூடும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கத் துணைபுரியலாம் என்றெல்லாம் மூலத்தில் எழுதியிருந்தது. பெரும்பாலும் எலிகளை வைத்துப் பார்த்தது, மனிதர்களிடம் இன்னும் நிறையப் பார்க்கவேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தது. வரிக்கு வரி ஒரு 'கூடும்'. நான் பாதிக் கூடும்களை எடுத்துவிட்டேன். இடமும் மிச்சமானது, நடையும் நிமிர்ந்து நின்றது. மூலத்தில் முக்கியமாகச் சொல்லியிருந்த பழம் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. அதனால் அதன் நெருங்கிய சொந்தமான பம்பளிமாஸை அந்த இடத்தில் வைத்தேன். 'கசப்பைத் துப்பாதீர்கள்' என்று தலைப்புக் கொடுத்தேன். அன்று என் மேலேயே எனக்கு ஒரு மரியாதை வந்தது.

எங்கள் குடியிருப்பு மயிலாப்பூரில், குளத்திலிருந்து நடக்கிற தூரம். நான் மாடியில். எனக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு மாமாவும் மாமியும். பிள்ளை புனேயில். மாமா ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். குடியிருப்பில் யார் ஊருக்குப் போவதென்றாலும் செல்போனைப் பார்ப்பதற்கு முன் அவரைத்தான் கேட்போம். மாமிக்கு இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மாமா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, ஒரு வாரத்து மாத்திரையையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குவார். ஏழு நாள், நாளுக்கு மூன்று அறை. ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் போடுவார். மாமி கூடத்திலிருந்து "ம்" கொட்டவேண்டும். "ம்" வராவிட்டால் அடுத்த மாத்திரை விழாது. மாடிப்படியில் நின்றால் எனக்கே கேட்கும். ரயில் புறப்படும் அறிவிப்பு மாதிரி இருக்கும்.

பத்திரிகையில் என் பக்கம் வந்தால் ஒரு பிரதியைக் கீழே கொடுப்பது என் வழக்கம். கொடுத்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பாராட்டுக்காகத்தான் கொடுப்பேன். மாமி படித்துவிட்டு, "நன்னா எழுதியிருக்கே, மனசுல பதியறது" என்றார். மாமா அந்தப் பக்கத்தை ஒழுங்காகக் கத்தரித்து, மாத்திரைச் சீட்டுகள் வைக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துத் தெற்கு மாட வீதியில் நான் காய் வாங்கும்போது, பழக்காரம்மா தராசைத் தூக்கிக்கொண்டே சொன்னார். "இன்னாம்மா, உங்க கீழ் வூட்டுப் பெரியவரு பம்பளிமாஸா வாங்கினு போறாரு. ஒருநாள் வுட்டு ஒருநாள் வந்துடுறாரு. வூட்ல விசேஷமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. என் எழுத்துக்கு இத்தனை பலமா என்று பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அதை இரண்டு முறை நினைத்து மகிழ்ந்தேன். கீழே எட்டிப் பார்த்தபோது மாமி சவ்வோடு, வெள்ளைத் தோலோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கசப்பைத் துப்பப்படாதுன்னு நீதானே போட்டிருக்கே" என்றார்.

இரண்டு வாரம் போயிருக்கும். மாமிக்குக் கால் வீங்கியது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். வெயில் என்று சொன்னோம். ஒருநாள் காலை பத்து மணி சுமாருக்குக் கீழே ஏதோ விழுந்த சத்தம். ஓடினேன். சமையலறை வாசலில் மாமி கிடந்தார், நெற்றியில் இரத்தம், இடது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருவருமாக ஆட்டோவில் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிப் போயிருந்தது. இளவயது டாக்டர், பொறுமையானவர். மாமாவிடம் கேட்டார். "பிரஷர் மாத்திரை தவறிப்போய் ரெண்டு போட்டுக்கிட்டாங்களா சார்?"

"இல்லை. டப்பால அடுக்கறது நான். அதுல தப்பு வராது."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. இந்த வயசுல யாருக்கும் வர்றதுதான்."

மாமா யோசித்தார். அவர் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒன்று வந்து உட்கார்ந்தது. டாக்டர் அடுத்துக் கேட்டார். "புதுசா வேற ஏதாவது சாப்பிட்டாங்களா? நாட்டு மருந்து, கஷாயம், அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்லை" என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. பழம் மருந்தில் சேராது அல்லவா.

நான் அவருக்கு இரண்டடி பின்னால் மாமியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'வேறு ஏதாவது' என்று டாக்டர் சொன்ன அந்த நொடியில் எனக்குள் வெட்டிய பத்தி எட்டிப் பார்த்தது. வரிகள் நினைவில் இல்லை. மாத்திரையைப் பற்றி ஏதோ இருந்தது என்று மட்டும் தெரிந்தது. வாயைத் திறந்து "பம்பளிமாஸ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை அட்டைகளை எடுத்துவரச் சொல்லி டாக்டரே என்னை வீட்டுக்கு அனுப்பினார். மாமா சாவியைக் கொடுத்தார். டப்பாவைத் திறந்து பார்த்தேன். மீதி நாட்களின் அறைகளில் எல்லாம் ஒழுங்காக ஒவ்வொன்றே இருந்தது. அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையை, அவர் வாங்கிய தேதியை மேலே எழுதி வைத்திருந்ததால், எண்ணிப் பார்க்க முடிந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாமா தப்புச் செய்யவில்லை. அந்த மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து செல்போனில் மூலக் கட்டுரையைத் திறந்து கடைசிக்குப் போனேன். நான்கு வாக்கியங்கள். இந்த வகைப் பழங்களில் இருக்கும் வேறு சில பொருட்கள், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் கொழுப்பு மாத்திரைகளும் உடலில் சிதைவதைத் தடுத்துவிடும். போட்டது ஒரு மாத்திரையானாலும் பல மாத்திரை போட்டதுபோல இரத்தத்தில் ஏறும். தலைசுற்றல், கால்வீக்கம், மயக்கம் வரலாம். இம்மாத்திரைகளை எடுப்பவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இப்பழங்களைச் சாப்பிட வேண்டாம்.

பெரிய நான்கு வாக்கியங்கள்கூட இல்லை. படத்தைக் கொஞ்சம் சின்னதாக வைத்திருந்தால் இடம் இருந்திருக்கும்.

அட்டைகளோடு திரும்பினேன். டாக்டரிடம் நீட்டினேன். அவர் எண்ணவில்லை, பெயர்களை மட்டும் பார்த்து, மாத்திரை தவறி இரண்டு போயிருக்கும் என்றே எழுதிக்கொண்டார். நான் அப்போதும் சொல்லவில்லை. பயந்தேன். பத்திரிகை என்ன சொல்லும், பிள்ளை என்ன கேட்பான், குடியிருப்பில் என்ன பேசுவார்கள் என்று பயந்தேன். மாமி செத்துப்போகவில்லையே, மணிக்கட்டுத்தானே என்று ஒரு நினைப்பு வந்துபோனது. அந்த நினைப்புக்காக இன்றும் என்னைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிள்ளை அன்று மாலை விமானத்தில் வந்து இறங்கினான். நல்ல பையன், அப்பாவிடம் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் மாமாவை இன்னும் நொறுக்கியது. "பரவால்லப்பா, இனிமே நீ ஸ்ட்ரெய்ன் பண்ணிக்க வேண்டாம்" என்றான். காலையும் மாலையும் வந்து மாத்திரை கொடுக்க ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தான். டப்பா பீரோவுக்குள் போனது, சாவி மாமியின் இடுப்புக்குப் போனது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். மாமி வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் போய், "மாமி, பம்பளிமாஸ் ரொம்பக் குளிர்ச்சி. அடிபட்ட உடம்புக்கு ஆகாது, நிறுத்திடுங்க" என்றேன். குளிர்ச்சி, சூடு என்று சொல்பவர்களைப் பத்திரிகையில் என் பக்கத்தில் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன். அதே குளிர்ச்சிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். மாமி உடனே கேட்டுக்கொண்டார். பழம் நின்றது. கால் வீக்கம் வடிந்தது, தலைசுற்றல் போனது, இரத்த அழுத்தம் பழையபடி நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. மாமாவின் கையிலிருந்து டப்பாவை வாங்கினார்கள், மாமி தேறிவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாமியைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யே மாமாவின் தலையில் குற்றத்தை ஆணியடித்து வைத்தது.

அவரும் நம்பிவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில், கேஸை அணைத்தேனா என்று இரண்டு முறை போய்ப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். பிறகு தனியாகக் கடைக்குப் போவதையே விட்டார். எதிர் வீட்டுக்காரர் மதுரைக்கு வண்டி கேட்டபோது, "நெட்லயே பாத்துக்கோங்கோ, நான் தப்பா சொல்லிடுவேன்" என்றார். வருஷக்கணக்காக அந்த வாயில் கேட்டிராத வார்த்தை. பழக்காரம்மாகூட, "பெரியவரு இன்னா இப்பல்லாம் வர்றதில்ல, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் வந்தேன்.

போன மாதம் பிள்ளை புனேயிலிருந்து பேசி, அடையாறில் ஒரு டாக்டரிடம் அப்பாவுக்கு ஞாபக சக்திப் பரிசோதனைக்கு நேரம் வாங்கினான். அதற்கு இரண்டு நாள் முன்பு, காலை வேளையில், நான் பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கியபோது மாமா வாசலில் நின்றார். மாமி குளித்துக்கொண்டிருந்தார். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, உன்னால ஒரு ஒத்தாசை ஆகணுமே" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"அங்க இன்னிக்கு என்ன கிழமை, என்ன தேதின்னெல்லாம் கேப்பாளாம். நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்வாளாம். நீ ரெண்டு நாளும் கார்த்தால வந்து என்னைக் கேக்கறயா? அவகிட்ட கேட்டா அழறா."

கேட்டேன். கிழமையைச் சரியாகச் சொன்னார். தேதியைச் சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து இரண்டு வரை வந்தார், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல என் முகத்தைப் பார்த்து, "சரியா இருந்ததா?" என்றார். நேர அட்டவணை போட்ட மனிதர். எனக்கு அந்த இடத்திலேயே தரையில் புதைந்துபோகலாம் போல இருந்தது. பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மாடியேறி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகை எதற்கும் உதவாது என்று தெரிந்தேதான் அழுதேன்.

அன்றே பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். "தேங்க்ஸ் ஆன்ட்டி. டாக்டர்கிட்ட கேக்கறேன். ஆனா டெஸ்ட் எதுக்கும் எடுத்துடலாம், நர்ஸும் இருக்கட்டும். அப்பாவுக்கு வயசாயிடுத்து இல்லையா" என்றான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்திரிகை ஆசிரியருக்கும் எழுதினேன், அந்த நான்கு வாக்கியங்களையும் திருத்தமாகப் போடச் சொல்லி. இடம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பதிலை வைத்து அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மறுநாள் காலை மூலக் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு கீழே போனேன். கடைசிப் பத்திக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். மாமாவும் மாமியும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"மாமா, நீங்க மாத்திரை மாத்தி வைக்கல. அன்னிக்கே டப்பாவையும் அட்டையையும் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியா இருந்தது. பம்பளிமாஸும் மாமியோட மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது. அது கட்டுரையில இருந்தது. நான்தான் வெட்டிட்டேன். டாக்டர் கேட்டப்பவும் நான் சொல்லல. தப்பு என்னோடது."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மாமி டம்ளரைக் கீழே வைத்தார். "பழம் சாப்ட்டு யாராவது மயங்கி விழுவாளோ? குளிர்ச்சின்னுதானே நீ நிறுத்தச் சொன்னே" என்றார்.

"அது பொய் மாமி."

மாமா நான் நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை. எழுந்து போய், மாத்திரைச் சீட்டுப் பையிலிருந்து தான் கத்தரித்து வைத்திருந்த என் பக்கத்தை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஒரு வரியையும் விடவில்லை. பிறகு நிமிர்ந்து, என்மேல் இரக்கப்படுகிற மாதிரி சிரித்தார்.

"நான் மனசு கஷ்டப்படப்படாதுன்னு பழியை உன் மேல போட்டுக்கறே. உனக்கு நல்ல மனசும்மா."

"இல்ல மாமா, நிஜமா. இதோ பாருங்க, இங்க இருக்கு."

"இருக்கட்டும். பதினோரு வருஷமா நீ எழுதறதைப் படிச்சிண்டிருக்கேன். அது அவ்வளவு முக்கியமா இருந்தா நீ விட்டிருப்பியா?"

மாமி என் கையைத் தட்டிக்கொடுத்து, காபி கலக்க உள்ளே போனார். மாமா என் பக்கத்தை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"சரி, நாளைக்கு டெஸ்ட். கிழமை கேளு" என்றார்.

கேட்டேன். "புதன்" என்றார். சரியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.